இரண்டாம் மாடி வீடு, 9 வயது மகள், 4 வயது மகன்: எந்தச் செல்லப்பிராணி சரிப்படும்?

மாடிவீட்டுக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். சென்னை வளசரவாக்கத்தில் வாடகை வீடு. இரண்டு படுக்கையறை, ஒரு சின்ன பால்கனி, லிஃப்ட் கிடையாது. மகள் நான்காம் வகுப்பு, மகன் எல்.கே.ஜி. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பகலில் மாமியார் இருப்பார். அவருக்கு முழங்கால் வலி, படி இறங்கி ஏறுவது சிரமம்.

மகள் ரொம்ப நாளாக நாய் கேட்கிறாள், அதுவும் கோல்டன் ரிட்ரீவர்தான் வேண்டுமாம். மகனுக்குப் பச்சைக்கிளி. கணவரோ, "ரெண்டு தங்கமீன் வாங்கி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டுவிடலாம், வேலை முடிந்தது" என்கிறார். மாமியார் எதற்கும் சம்மதிக்கவில்லை. ஆனால் கீழே வரும் தெருப்பூனைக்குத் தினமும் பால் ஊற்றச் சொல்லி என்னிடம் கொடுத்தனுப்புவார்.

அடுத்த மாதம் மகளுக்குப் பிறந்தநாள். வளர்த்தவர்கள் சொல்லுங்கள். "எதுவும் வேண்டாம்" என்றாலும் சரிதான், காரணத்தோடு சொன்னால்.

சிப்பிப்பாறை:
சகோதரி, எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். தாத்தா காலத்திலிருந்து வீட்டில் நாய் இல்லாத நாளே கிடையாது. அப்படிப்பட்டவன் சொல்கிறேன், இப்போது உங்களுக்கு நாய் வேண்டாம்.

இரண்டு மாதக் குட்டி இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்காது. பகலில் அதைக் கீழே கூட்டிப்போக உங்கள் வீட்டில் ஆள் இல்லை. மாமியார் முழங்காலை வைத்துக்கொண்டு நாளைக்கு ஐந்து முறை படி ஏறி இறங்குவாரா? இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே போகும், அவர்தான் குனிந்து துடைக்க வேண்டும். பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முழுதாக வர ஆறேழு மாதம் ஆகும். அதுவரை கை, கால், பாவாடை நுனி என்று எதைப் பார்த்தாலும் கடித்து இழுக்கும். அது விளையாட்டுதான், ஆனால் நாலு வயதுப் பையனுக்கு அது புரியாது. அவன் அலறுவான், ஓடுவான். ஓடினால் குட்டிக்கு இன்னும் உற்சாகம்.

கோல்டன் நல்ல குணமுள்ள நாய், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரட்டை ரோமம். சென்னை மே மாதத்தில் ஏ.சி. அறையை விட்டு வெளியே வராது. வளர்ந்தால் 30 கிலோ வரும். இந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு சகஜம். வயதான பிறகு இரண்டு மாடிக்கு யார் தூக்குவது?

நாட்டு நாய் வாங்குங்கள் என்று யாராவது வந்து சொல்வார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்துக்குப் பிறந்தவை. அவற்றைப் பால்கனியில் கட்டி வைப்பது பாவம். ராஜபாளையம் கம்பீரமான நாய், 2005இல் தபால்தலையே வந்தது. ஆனால் அந்த வெள்ளை நிறத்தோடு காது கேளாமையும் சில குட்டிகளுக்கு வரும். காது கேட்காத நாய் தூங்கும்போது குழந்தை போய்த் தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடும். பெயருக்காக வாங்க வேண்டாம்.

மாடிவீட்டுக்காரி:
அண்ணா, நாய்ப் பிரியர் ஒருவரே இப்படிச் சொன்னால் நான் மகளிடம் என்ன சொல்வது? காலையில் தானே எழுந்து கூட்டிப்போவதாகச் சத்தியம் செய்கிறாள்.

நாலாம்வகுப்பு டீச்சர்:
அந்தச் சத்தியத்தை நம்பி எதையும் வாங்காதீர்கள். பிள்ளை பொய் சொல்கிறாள் என்று அர்த்தமில்லை, சொல்லும்போது உண்மையாகத்தான் சொல்கிறாள். மழைக்காலத்தில் காலை ஐந்தரை மணி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அப்புறம், ஒன்பது வயதுப் பெண்ணைத் தனியாக நாயோடு தெருவுக்கு அனுப்ப நீங்களே விடமாட்டீர்கள். ஒரு தெருநாய் பாய்ந்து வந்தால் 30 கிலோ நாயை அவளால் பிடித்து நிறுத்த முடியுமா?

ஒரு கணக்கு போடுங்கள். நாய் 10 முதல் 13 வருடம் வாழும். இப்போது வாங்கினால், உங்கள் மகள் பிளஸ் டூ எழுதும்போது அதற்கு எட்டு வயது. அவள் ஹாஸ்டலுக்குப் போய்விடுவாள். கண் மங்கி, மூட்டு வலியோடு கடைசி வருடங்களில் அது உங்களோடுதான் இருக்கும். ஆகவே உங்களுக்கு நாய் பிடிக்குமா என்பதுதான் கேள்வி. இந்த வீட்டில் ஏதாவது ஒரு பெரியவருக்கு அந்தப் பிராணி மேல் உண்மையான ஆசை இல்லாவிட்டால் வாங்கவே கூடாது. பிள்ளைகள் உதவிக்கு மட்டும்தான்.

மீன்தொட்டி:
கொளத்தூரிலிருந்து எழுதுகிறேன், எங்கள் பகுதியில் தெருவுக்குத் தெரு மீன் கடை. உங்கள் கணவர் சொன்ன கிண்ணத்தைப் பற்றி முதலில்.

சார், அது நடக்காது. தங்கமீன் கடையில் பார்க்கும்போது விரல் நீளம் இருக்கும். ஒழுங்காக வளர்த்தால் அரை அடிக்கு மேல் வளரும், பத்து வருடத்துக்கு மேல் வாழும். கழிவும் நிறைய. வடிகட்டி இல்லாத கிண்ணத்தில் அந்தக் கழிவு அம்மோனியாவாக மாறி, தன் விஷத்திலேயே மீன் செத்துப்போகும். "மீனுக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்று சொல்லி அடுத்த மீன் வாங்குகிறோம். பிள்ளைகள் அதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளும்?

மீன்தான் என்று முடிவானால் இரண்டடி தொட்டி. 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி என்றால் ஏறக்குறைய 55 லிட்டர் பிடிக்கும். தண்ணீர், கண்ணாடி, மணல் எல்லாம் சேர்ந்து 75 கிலோ பக்கம் வரும். டீபாய் மேல் வைக்காதீர்கள், நாலு வயதுப் பையன் பிடித்துத் தொங்கினால் கவிழ்ந்துவிடும். சுவரோடு ஒட்டிய இரும்பு ஸ்டாண்டு போடுங்கள்.

முக்கியமான விஷயம்: தொட்டி வாங்கிய அன்றே மீன் வாங்காதீர்கள். அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வடிகட்டியில் வளர நாலைந்து வாரம் ஆகும். நைட்ரேட் கொஞ்சம் இருந்தாலும் மீன் தாங்கும், முதல் இரண்டும் கொல்லும். நண்பர் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சு வாங்கி உங்கள் வடிகட்டியில் போட்டால் சீக்கிரம் தயாராகும். மெட்ரோ தண்ணீர், லாரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது மீனையும் கெடுக்கும், அந்த பாக்டீரியாவையும் கொல்லும். முந்தின நாளே வாளியில் பிடித்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

ஊசிமருந்து:
கால்நடை மருத்துவம் படித்தவன், வேப்பேரிக் கல்லூரி. மகன் கேட்ட கிளி பற்றி யாருமே சொல்லவில்லை, ஆச்சரியம்.

பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிளி ஜோசியர் வைத்திருந்தாலும் குற்றம்தான், பக்கத்து வீட்டில் பத்து வருடமாக வளர்த்தாலும் குற்றம்தான். மலை மைனா, நட்சத்திர ஆமை இரண்டும் அப்படியே. "வாஸ்துக்கு நல்லது" என்று நட்சத்திர ஆமையை யாராவது ரகசியமாகக் கொடுத்தால் வாங்காதீர்கள், சிறைவரை போகும்.

கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று கொடுப்பது பெரும்பாலும் பட்ஜி. அது ஆஸ்திரேலியப் பறவை, கூண்டில் வளர்த்துப் பல தலைமுறை ஆகிவிட்டது, சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் இறகுத்தூள் நிறைய உதிரும். வீட்டில் யாருக்காவது மூச்சுத் தொந்தரவு உண்டா?

மாடிவீட்டுக்காரி:
டாக்டர் சார், மகனுக்கு வீசிங் உண்டு. பனிக்காலத்தில் இரண்டு மூன்று முறை நெபுலைசர் வைக்க வேண்டியிருக்கும். இதை முதலிலேயே எழுதியிருக்கலாம்.

ஊசிமருந்து:
அப்படியானால் பறவை பட்டியலிலேயே வேண்டாம். பூனை, நாய் என்றாலும் குழந்தை மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான். ஒவ்வாமை முடியால் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பூனை தன் உடம்பை நக்கும்போது எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம் ரோமத்தில் ஒட்டி, காய்ந்து, தூளாகக் காற்றில் பறக்கிறது. அதுதான் முதன்மைக் காரணம். நாயிலும் ஏறக்குறைய இதே கதை. அதனால் "இந்த இனம் அலர்ஜி தராது" என்று விற்பவர் சொல்வதை நம்பிக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

சோதிக்க எளிய வழி, பூனையோ நாயோ இருக்கும் உறவினர் வீட்டுக்கு மகனைச் சில வார இறுதிகள் கூட்டிப்போவது. அவன் நன்றாக இருக்கும் பருவத்தில், இன்ஹேலர் கையோடு. ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வருவது போதாது.

பூனைப்பாட்டி:
வீசிங் விஷயம் தெரியாமல் ஒரு பக்கத்துக்குப் பூனை புராணம் எழுதி வைத்திருந்தேன். அழித்துவிட்டேன். ஆனாலும் உன் மாமியாருக்கு ஒரு வார்த்தை சொல்லணும் மகளே. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். வேகவைத்த மீன் துண்டு, முட்டை, உப்புக் காரம் வெங்காயம் இல்லாமல் வை. தண்ணீர் கட்டாயம் வை.

அப்புறம், அந்தப் பூனை தினமும் உன் வாசலுக்கு வருகிறது. வீட்டுக்குள் கொண்டுவராமலே அதை உங்கள் பூனை ஆக்கலாமே? கருத்தடை, ரேபிஸ் ஊசி இரண்டும் போட்டுவிடு. உன் மகளுக்குப் பெயர் வைக்கவும் சாப்பாடு வைக்கவும் ஒரு ஜீவன் கிடைத்துவிடும். குட்டி போட்டுத் தெரு முழுக்கப் பெருகவும் செய்யாது.

பிளாக் பி:
இப்படிச் சொல்லித்தான் எல்லா அபார்ட்மெண்டும் மிருகக்காட்சி சாலை ஆகிறது. எங்கள் அசோசியேஷனில் நாய், பூனை எதுவும் கூடாது என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம். 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் குதறியது எல்லோருக்கும் மறந்துவிட்டதா?

சிப்பிப்பாறை:
மறக்கவில்லை ஐயா. வாய்மூடி இல்லாமல், பிடித்துக்கொள்ளக் கயிறு இல்லாமல் அந்த நாய்களை விட்டவர் மேல்தான் என் கோபம். எங்கள் ஊரில் அப்படி விட்டால் பஞ்சாயத்தே கூடிவிடும். ஆனால் உங்கள் தீர்மானம் செல்லாது. குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை வாக்கு போட்டாலும் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது.

பிளாக் பி:
வாரியம் வந்து எங்கள் லிஃப்டைக் கழுவுமா?

நெறியாளர்:
இருவரும் இதைத் தனி இழையில் தொடரலாம். இடையில் இருந்த நான்கு பதிவுகளை நீக்கிவிட்டேன். மாடிவீட்டுக்காரி வாடகைதாரர் என்பதால் ஒன்று மட்டும்: சங்கம் வேறு, வீட்டு உரிமையாளர் வேறு. வாடகை ஒப்பந்தத்தில் பிராணி கூடாது என்று இருக்கிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள். நாய் வாங்கினால் மாநகராட்சி உரிமமும் எடுக்க வேண்டும்.

புதுப்பேட்டை:
ஏன் இவ்வளவு யோசனை? முயல் வாங்குங்க. சத்தம் இல்லை, கடிக்காது, அழகு. ஞாயிற்றுக்கிழமை பிராட்வே பக்கம் போனால் ஜோடியாகவே கிடைக்கும். இல்லைன்னா திருவிழாவில் விற்கிற கலர் கோழிக்குஞ்சு. நாங்க சின்ன வயசில் அதைத்தான் வளர்த்தோம்.

ஊசிமருந்து:
தம்பி, நீங்கள் வளர்த்த குஞ்சுகளில் எத்தனை கோழியாகின? முட்டைக் கோழிப் பண்ணைகளுக்குச் சேவல் குஞ்சு தேவையில்லை. கழித்துவிட்ட அவற்றைத்தான் சாயத்தில் முக்கி விற்கிறார்கள். முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வெப்பம் தேவைப்படும் குஞ்சை அட்டைப்பெட்டியில் ஃபேனுக்குக் கீழே வைத்தால் இரண்டு நாளில் சாகும். பிறந்தநாள் பரிசாக அதைக் கொடுக்கவே கூடாது.

முயல் சாதுவாகத் தெரியும், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றதில்லை. தூக்கினால் பயப்படும். பின்னங்காலை உதறும் வேகத்தில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும் அளவுக்கு அதன் எலும்பு மெலிது. நாலு வயதுக் குழந்தை சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா, தூக்கத்தானே செய்யும்? வெயில் 30 டிகிரியைத் தாண்டினாலே முயலுக்குத் திணறல். பல் வாழ்நாள் முழுக்க வளரும், அது தேய உலர்ந்த புல்தான் முக்கிய உணவு. கேரட் எப்போதாவது ஒரு துண்டு. எட்டு முதல் பத்து வருடம் வாழும் பிராணி, மறந்துவிடாதீர்கள்.

வெள்ளெலி பகலில் தூங்கி இரவில்தான் விழிக்கும். உங்கள் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து எழுப்பினால் கடிக்கும். இந்தச் சின்னப் பிராணிகளில் குழந்தைகளோடு ஒத்துப்போவது கினி பிக்தான். அரிதாகத்தான் கடிக்கும், பகலிலும் விழித்திருக்கும். மனிதர்களைப் போலவே அதன் உடம்பும் வைட்டமின் சி தயாரிக்காது, தினமும் குடைமிளகாய், கொஞ்சம் கொய்யா என்று ஏதாவது தர வேண்டும். தனியாக வைத்தால் ஏங்கும், இரண்டாக வளர்க்கணும். ஆனால் புல் தூசியும் ரோமமும் வீசிங் பையனுக்கு ஆகுமா என்பது மறுபடி அதே கேள்வி.

இன்னொன்று, யாரும் கேட்காவிட்டாலும். பத்து ரூபாய் நாணயம் அளவில் பச்சையாக, கண்ணோரம் சிவப்புக் கோட்டோடு விற்கிறார்களே, அந்த ஆமைக்குட்டி ஒரு அடி வரை வளரும், 20 வருடத்துக்கு மேல் இருக்கும். சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். குழந்தைகள் அதைத் தொட்டு வாயில் கை வைத்து நோயில் விழுந்ததால், நாலு அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமை விற்பனையை அமெரிக்காவில் 1975லேயே தடை செய்துவிட்டார்கள். இங்கே இன்னும் வண்ணக்கல் போட்ட டப்பாவில் கிடைக்கிறது. பெரிதானதும் ஏரியில் விடுகிறார்கள், அது நம் ஊர் ஆமைகளின் இடத்தைப் பிடிக்கிறது.

அயலகத்தான்:
டாக்டர் சொல்வதெல்லாம் சரி, ஆனால் படித்தால் ஒரு குழந்தைக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது என்று ஆகிவிடுகிறதே. எங்கள் பிள்ளைகள் நாயோடு வளர்ந்தார்கள். கூச்சம் போனது, மற்ற உயிரின் வலி தெரிந்தது. அதற்கு விலையே இல்லை. வீட்டில் ஆள் இல்லை என்றால் குட்டி எதற்கு? மூன்று நாலு வயதான, பழகிய நாயைத் தத்தெடுக்கலாமே. ப்ளூ கிராஸ் போன்ற இடங்களில் எத்தனையோ காத்திருக்கின்றன.

சிப்பிப்பாறை:
இதில் எனக்கு முழு உடன்பாடு. வளர்ந்த நாயின் குணம் கண்ணுக்கு முன்னால் தெரியும், குட்டியிடம் ஊகம்தான். முன்பு குழந்தைகள் இருந்த வீட்டில் இருந்ததா, சாப்பிடும்போது கிண்ணத்தைத் தொட்டால் உறுமுகிறதா, பட்டாசுச் சத்தத்துக்கு என்ன செய்கிறது என்று கேட்டு வாங்கலாம். ஒரே தடவை பார்த்து முடிவு செய்யாமல் பிள்ளைகளோடு பல முறை போய் வாருங்கள்.

குட்டியே வேண்டும் என்பவர்களுக்கு: எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பதே விதிப்படி தவறு. 30 நாள் குட்டியைக் கையில் கொடுத்தால் நடையைக் கட்டுங்கள். தாய்நாயைக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

ஊசிமருந்து:
எந்த நாய், எந்தப் பூனை ஆனாலும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டப் போகக் கூடாது. கழுத்தைக் கட்டிப்பிடிக்கக் கூடாது. கட்டிப்பிடிப்பது நமக்குப் பாசம், பல நாய்களுக்கு அது பிடிக்காது. குழந்தையின் முகமும் அதன் வாயும் ஒரே உயரத்தில் இருக்கும், கடி விழுந்தால் முகத்தில்தான் விழும். நாய் கடிப்பதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் கடிக்கும்: முகத்தைத் திருப்பும், தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும், உதட்டை நக்கும், உடம்பு விறைக்கும். அதைப் பார்க்கத் தெரிய வேண்டியது பெரியவர்களுக்கு. ஆறேழு வயது ஆகும்வரை குழந்தையையும் நாயையும் தனியாக ஒரே அறையில் விடாதீர்கள், அது எவ்வளவு சாதுவானாலும் சரி.

கடியோ நகக்கீறலோ பட்டால் மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், உடனே மருத்துவமனை. "நம் வீட்டு நாய்தானே, தடுப்பூசி போட்டதுதானே" என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம், அதை மருத்துவர் சொல்லட்டும். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைக்க வைக்க வழி இல்லை என்றே சொல்லலாம். பூனைக்கும் இதே விதி. பூனைப்பாட்டி சொன்ன தெருப்பூனைக்கும்தான், அதனால் ஊசி போடும்வரை பிள்ளைகள் அதைத் தொட வேண்டாம். பூனைக்குக் காய்ச்சல் மாதிரித் தெரிந்தால் பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரை கொன்றுவிடும்.

மாடிவீட்டுக்காரி:
எல்லாவற்றையும் கணவரோடும் மாமியாரோடும் உட்கார்ந்து படித்தேன். நாய் இப்போதைக்கு இல்லை. டீச்சர் கேட்ட கேள்விக்கு இருவருமே நேர்மையாக "ஆசை இல்லை" என்றுதான் பதில் சொல்ல முடிந்தது. மகன் ஒன்றாம் வகுப்புப் போகட்டும், வீசிங் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அப்போதும் எங்களுக்கு ஆசை வந்தால் வளர்ந்த நாயைத் தத்தெடுப்பது பற்றிப் பேசலாம் என்று மகளிடம் சொன்னோம். அழுதாள். இரண்டு நாள் பேசவில்லை. கதவைச் சாத்திக்கொண்டதும் உண்டு. அதை மறைத்து, எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத மனமில்லை.

கீழே வரும் பூனையைக் கருத்தடைக்குக் கொண்டுபோக மாமியாரே பணம் தருகிறேன் என்கிறார். இரண்டடி தொட்டி முடிவாகிவிட்டது. கணவர்தான் பொறுப்பு, தண்ணீர் மாற்றுவது அவர் வேலை என்று எழுதிக் கையெழுத்தே வாங்கிவிட்டேன். மகள் கப்பி கேட்கிறாள். மீன்தொட்டி சார், கப்பி சரியா? கரண்ட் போனால் என்ன ஆகும்?

மீன்தொட்டி:
கப்பி சரி, புதியவர்களுக்கு நல்ல மீன். முட்டையிடாது, குட்டியே போடும், அதைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு வரும் சந்தோஷம் தனி. ஆனால் மாதத்துக்கு ஒரு முறை போடும், கொஞ்ச நாளில் தொட்டி நிரம்பிவிடும். அதனால் ஆரம்பத்தில் ஆண் கப்பி மட்டும் ஏழெட்டு வாங்குங்கள். வண்ணமும் அவற்றில்தான். மகள் குட்டி பார்க்க ஆசைப்பட்டால் அப்புறம் பெண் மீன் சேர்க்கலாம், கூடுதல் குட்டியை எடுத்துக்கொள்ளும் கடையை முதலிலேயே பேசி வைத்துக்கொண்டு. ஏரி, குளம், கிணறு எதிலும் விடாதீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சக்கர் மீனைக் கடைக்காரர் தலையில் கட்டப் பார்ப்பார், வேண்டாம். அது ஒரு அடிக்கு மேல் வளரும். அப்படி வளர்ந்ததை ஏரியில் விட்டுவிட்டுத்தான் இப்போது மீனவர் வலையில் அதுவே நிறைந்து வருகிறது.

கப்பி இரண்டு வருடம் இருந்தால் அதிகம். ஒரு நாள் காலையில் ஒன்று மிதக்கும். பையன் பார்ப்பதற்குள் அதை எடுத்துவிட்டு அதே நிறத்தில் இன்னொன்று வாங்கி வைக்கும் வேலை செய்யாதீர்கள். செத்துவிட்டது என்று நேராகச் சொல்லுங்கள், நாலு வயதுக்கு அது தாங்கும்.

தீனி ஒரு நாளைக்கு ஒரு முறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. டப்பாவைப் பையன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், பாசத்தில் முழுசையும் கொட்டிவிடுவான். சோற்றுப் பருக்கை போடவே கூடாது. வாரத்துக்கு ஒரு முறை கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும். வடிகட்டி ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் லேசாகப் பிழிந்து வையுங்கள், இல்லையென்றால் ஒரு மாதம் காத்திருந்து வளர்த்த பாக்டீரியா எல்லாம் போய்விடும்.

கரண்ட் போனால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒன்றும் ஆகாது, மீன் நெருக்கமாக இல்லாவிட்டால். மழைக்காலத்துக்கு பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழும் இடம் வேண்டாம், பாசி பிடிக்கும். பிளக் பாயிண்ட் தொட்டிக்கு மேல் மட்டத்தில் இருந்தால் நல்லது. கீழேதான் என்றால் ஒயர் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கி, அப்புறம் மேலேறிப் போகும்படி விடுங்கள், ஒயரில் வழியும் தண்ணீர் தரையில் சொட்டும், பிளக்குக்குள் போகாது. தொட்டிக்குள் கை விடும் முன் சுவிட்ச் அணைக்க வேண்டும் என்பதை மகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இந்த ஞாயிறு வருவதாக இருந்தால் தகவல் அனுப்புங்கள், ஓடுகிற ஸ்பாஞ்சு ஒரு துண்டு நானே வெட்டித் தருகிறேன்.